கண்ணும் கரும்பலகையும்



உடலைப் பேணும் நற்பழக்கங்களைப் பற்றி நீங்கள் பாடநூல்களிற் படித்திருக்கிறீர்கள். விடியலில் எழுதல், பல் துலக்கல், நீராடல், அளவறிந்து உண்ணல், ஓடியாடி விளையாடல் என்று அவற்றை வரிசையாக ஒப்புவிக்கவும் உங்களால் இயலும். ஆயினும் அவ்வரிசையிலே கண்ணைப் பேணுதல் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பல் வலித்தால் உறக்கம் போகிறது. வயிறு வலித்தால் பள்ளிக்கு விடுப்புக் கேட்கிறோம். கண்ணோ, பார்வை குறையும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை, ஓசையின்றிக் குறைகிறது. மங்கிய பார்வையோடு வளரும் பிள்ளை, உலகமே எல்லார்க்கும் இப்படித்தான் தோன்றுகிறது போலும் என்று எண்ணிக்கொள்கிறது. கண்ணைப் பற்றி நாம் முதலில் அறியவேண்டிய செய்தி இதுவே. இதனை நான் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிற் கற்கவில்லை. என் மாணவன் ஒருவனிடம் கற்றேன். அதுவும் அவனுக்குத் தீங்கிழைத்த பின்பு கற்றேன்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், சூலூரை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் ஏழாம் வகுப்பு ஆசிரியனாக இருந்தேன். அவ்வூரில் விசைத்தறி இல்லாத தெரு கிடையாது. தறிக்கூடத்தில் வேலை செய்யும் ஒருவரின் மகன் என் வகுப்பில் இருந்தான். உயரமான பையன் ஆதலின் கடைசி வரிசையில் அமர்த்தியிருந்தேன். வாய்ப்பாட்டை ஒருமுறை கேட்டாற் போதும், மறவாமல் ஒப்புவிப்பான். ஆனால் கரும்பலகையில் எழுதிய கணக்கைப் பார்த்து எழுதச் சொன்னால் பிழை மலிந்திருக்கும். ‘8’ என்பதை ‘3’ என்று எழுதுவான். பக்கத்துப் பையனின் ஏட்டை எட்டிப் பார்ப்பான். நான் அவனைச் சோம்பேறி என்றேன், காப்பியடிப்பவன் என்றேன், பன்முறை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். அவன் எதிர்த்து ஒரு சொல்லும் சொன்னதில்லை. தான் செய்த பிழை இன்னதென்று அவனுக்கே தெரியாதபோது, அவன் என்ன சொல்லுவான்?

சூலூரில் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே அமைந்த விமானத் தளம் ஒன்று உண்டு. விமான ஓசை எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதன்று. எனினும் ஓசை கேட்டவுடன் அண்ணாந்து பார்க்காத பிள்ளையும் இல்லை. ஒருநாள் உடற்பயிற்சி வேளையில், மிக உயரத்திலே வெள்ளிப் புள்ளியைப் போல ஒரு விமானம் சென்றது. எல்லாரும் “அதோ! அதோ!” என்று கைநீட்டினர். அந்தப் பையன் மட்டும் வானத்தைப் பார்க்கவில்லை. தோழர்களின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ பார்த்தாயா?” என்று கேட்டேன்.

“சத்தம் கேட்டதுங்க, ஐயா” என்றான்.

அந்த மறுமொழி என்னைச் சுட்டது. மாலையில் அவனைக் கரும்பலகையின் முன் நிறுத்தி, ஓரோர் அடியாகப் பின்னுக்கு நடக்கச் செய்தேன். மூன்றாம் வரிசை வருமுன்னரே எழுத்துகள் அவனுக்கு மறைந்துவிட்டன. அவன் அமர்ந்திருந்ததோ ஏழாம் வரிசை.

அவன் தந்தையாரை அழைத்துச் சொன்னபோது அவர் நம்பவில்லை. “வாத்தியாரய்யா, அறுந்த இழை எத்தனை மெல்லிசா இருந்தாலும் கண்டுபிடிச்சுப் பிணைச்சுப்போடுவானுங்க. அந்தக் கண்ணுக்கு என்னங்க குறை?” என்றார். அவர் கூறியதிலும் உண்மை இருந்தது. முகத்தருகே வைத்த இழையை அவன் கண் எங்கள் யாவருடைய கண்ணையும்விடக் கூர்மையாகக் கண்டது. கிட்ட உள்ளதைக் காணும் கண் எட்ட உள்ளதைக் காணாமற் போவது எவ்வாறு? இதனை விளங்கிக்கொள்ளக் கண்ணின் அமைப்பைச் சிறிது அறிய வேண்டும்.

கண் ஒரு சிறு உருண்டை. வளர்ந்தவரின் கண், முன்னிருந்து பின்வரை ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுடையது. முன்புறத்துக் கண்ணாடி போன்ற பகுதியும், அதன் பின்னுள்ள வில்லையும், உள்ளே வரும் ஒளிக்கதிர்களை வளைத்துக் கூட்டுகின்றன. கதிர்கள் பின்புறத்து விழித்திரையின் மீது சரியாகக் கூடினால் உருவம் தெளிவாகத் தெரியும். கண்ணின் நீளம் 1 மில்லிமீட்டர் மிகுந்தாலும், தொலைவிலிருந்து வரும் கதிர்கள் விழித்திரைக்கு முன்னரே கூடிவிடுகின்றன. திரையின் மீது மங்கிய நிழலே விழுகிறது. இதுவே கிட்டப்பார்வை. குழிவில்லையாலான மூக்குக்கண்ணாடி, கதிர்களைச் சற்றே விரித்து அனுப்பி, அவை திரையின் மீதே கூடுமாறு செய்கிறது. கண்ணாடியின் ஆற்றலை டயாப்டர் என்னும் அளவால் குறிப்பர். 3 டயாப்டர் குறையுடையவர்க்கு ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் வரையுள்ள பொருள்களே தெளிவாகத் தெரியும். என் மாணவனுக்கு மூன்றரை டயாப்டர் குறை இருந்தது பின்னர்த் தெரியவந்தது. அவன் தெளிவாகக் கண்ட உலகம் ஒரு சாணுக்குச் சற்று மேலான தூரத்தில் முடிந்துவிட்டது. தறியின் இழை அந்த எல்லைக்குள் இருந்தது. கரும்பலகை அதற்கு வெளியே இருந்தது.

பார்வையை அளக்கும் முறை எளிது. 1862-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன், பெரியவற்றிலிருந்து சிறியவை வரை எழுத்துகளை வரிசைப்படுத்திய அட்டையை வகுத்தார். அவ்வட்டையை 6 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கச் சொல்வர். ‘ஆறுக்கு அறுபது’ என்று மருத்துவர் எழுதினால், நல்ல கண் 60 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும் எழுத்தை உங்கள் கண் 6 மீட்டரிற்றான் படிக்கிறது என்பது பொருள். 6 மீட்டர் என்பது பல வகுப்பறைகளிற் கரும்பலகைக்கும் கடைசி வரிசைக்கும் இடைப்பட்ட தூரமேயாகும். ஆதலின் உங்கள் வகுப்பறையே உங்களுக்கு ஒரு சோதனைக்கூடம். கடைசி வரிசையில் நின்று, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிக்கொண்டு, பலகையிலுள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். பின்னர் மற்றைக் கண்ணை மூடிக்கொண்டு படியுங்கள். உங்கள் தோழன் படிக்கும் எழுத்தை நீங்கள் படிக்க இயலாவிடில், அன்றே ஆசிரியரிடமும் வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

இரு கண்களையும் தனித்தனியே சோதிக்கவேண்டும் என்பதனை வற்புறுத்திக் கூறுகிறேன். ஒரு கண் நன்றாக இருந்தால், மற்றைக் கண்ணின் குறையை அது மறைத்துவிடும். பயன்படாத கண்ணை மூளை மெல்ல மெல்லப் புறக்கணிக்கிறது. இதனைச் சோம்பற்கண் என்பர். இளம் வயதில், சிறப்பாக ஏழெட்டு வயதிற்குள் கண்டறிந்தால் நன்கு திருத்தலாம். காலம் கடந்தபின் திருத்துவது அரிது. உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால், இந்தச் சோதனையை அவர்களுக்கும் செய்து பாருங்கள். எழுத்தறியாத குழந்தையிடம் படத்தைக் காட்டிக் கேட்கலாம்.

இனி, கண்ணாடியைப் பற்றிய வீண் அச்சங்களைச் சொல்லுகிறேன். கண்ணாடி அணிந்தாற் கண் மேலும் கெடும் என்று பலர் நம்புகின்றனர். 2014-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. சீனத்தின் மேற்குப் பகுதியில் 252 தொடக்கப் பள்ளிகளிற் கிட்டப்பார்வையுடைய மூவாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினர்க்கு இலவசமாகக் கண்ணாடி வழங்கினர். கண்ணாடி பெற்றோரின் கணித மதிப்பெண், பெறாதோரினும் உயர்ந்தது. கண்ணாடி பெற்றவரின் கண் மற்றவரின் கண்ணைவிட விரைவாகக் கெடவுமில்லை. ஆனால் வருந்தத்தக்க செய்தி ஒன்றும் அதில் உண்டு. இலவசமாகப் பெற்றவருள்ளும், ஆண்டு முடிவில் நேரிற் சென்று பார்த்தபோது கண்ணாடி அணிந்திருந்தோர் பாதிக்கும் குறைவு. தோழர் நகைப்பர் என்னும் கூச்சம் எந்நாட்டுப் பிள்ளைக்கும் ஒன்றே போலும்!

நம் ஊரில் இக்கூச்சம் பெண்பிள்ளைகளை இன்னும் கடுமையாகத் தாக்குகிறது. என் மாணவனுக்கு ஓர் அக்காள் இருந்தாள். அவளும் கண்ணைச் சுருக்கியே பார்ப்பாள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பாவு பிணைக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டனர். தம்பிக்குக் கண்ணாடி வாங்கிய பிறகு, அவளையும் சோதிக்கலாம் என்று நான் சொன்னேன். “பொம்பளைப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டா நாளைக்கு யாருங்க கட்டுவாங்க?” என்று அவள் தாயார் கேட்டார். நான் மேலும் வாதாடாமல் திரும்பிவிட்டேன். வாதாடியிருக்க வேண்டும். இன்று என் பேச்சைக் கேட்கும் மாணவியர்க்கு நான் சொல்வது இதுவே: கண்ணாடி ஊனத்தின் அடையாளம் அன்று. அது காலுக்குச் செருப்பைப் போன்றதொரு கருவி. அதனைக் காரணம் காட்டி உங்களைக் குறைவாக மதிக்கும் வீடு, உங்கள் கல்வியையும் மதிக்கப்போவதில்லை.

கிட்டப்பார்வை இக்காலத்தே பெருகிவருவது ஏன்? பெற்றோரிடமிருந்து வருவது ஒரு பகுதி; வாழும் முறையால் வருவது மற்றொரு பகுதி. நெடுநேரம் அருகிலேயே பார்த்துக்கொண்டிருத்தலும், வெயிலொளி படாமல் வீட்டுக்குள்ளேயே இருத்தலும் வளரும் கண்ணை நீளச் செய்கின்றன என்று அறிஞர் கருதுகின்றனர். சீனத்தின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினர். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாகத் திறந்த வெளிக்கு அனுப்பினர். 3 ஆண்டுகளுக்குப் பின், மற்றப் பள்ளிகளில் நூற்றுக்கு 39.5 பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது; வெளியில் விளையாடிய பிள்ளைகளில் அது நூற்றுக்கு 30.4 ஆக இருந்தது. இம்முடிவு 2015-இல் வெளியாயிற்று. வகுப்பறையின் ஒளி சில நூறு லக்ஸ் அளவே; வெளியில், மர நிழலிற்கூட, அது பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். பெரியகுளத்துக் கரையில் மாலைதோறும் ஓடியாடுவது வீண்பொழுது அன்று. அது கண்ணுக்கு உணவு. ஆனால் சூரியனை நேரே நோக்குதல் மட்டும் கூடவே கூடாது. 2019 டிசம்பர் 26-ஆம் நாள் நம் கோவை வட்டாரத்தில் கங்கணச் சூரிய கிரகணம் தோன்றியபோது, வெறுங்கண்ணாற் பார்க்கலாகாது என்று எச்சரித்தது இதற்காகவே. விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்துபோகும்போதும் அது நமக்கு அறிவிப்பதில்லை.

படிக்கும்போது சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளுங்கள். நூலுக்கும் கண்ணுக்கும் இடையே உங்கள் முழங்கை முதல் விரல் மொட்டு வரையுள்ள தூரமேனும் இருக்கட்டும். படுத்துக்கொண்டு படியாதீர்கள். மங்கிய விளக்கில் படிப்பதனாற் கண் நிலையாகக் கெட்டுவிடாது. ஆனால் களைத்துப்போகும், நூலும் தானாகவே முகத்தருகில் வந்துவிடும். கைப்பேசியையும் கணினியையும் நோக்கும்போது நாம் இமைப்பது குறைகிறது; அதனாற் கண் உலர்ந்து உறுத்துகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 6 மீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு பொருளை 20 நொடி நோக்குங்கள். சன்னலுக்கு வெளியே ஒரு தென்னை இருந்தால் அதன் உச்சியைப் பாருங்கள். செலவில்லாத மருந்து இது.

அடுத்து, உணவு. இரவிற் பார்க்க உதவும் ரோடாப்சின் என்னும் பொருளை விழித்திரை உண்டாக்குவதற்கு வைட்டமின் ஏ இன்றியமையாதது. அது குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும்; பின்னர்க் கண்ணின் வெண்பகுதி உலர்ந்து, நுரை போன்ற புள்ளிகள் தோன்றும்; இறுதியிற் கருவிழி குழைந்து பார்வையே போகும். ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் எண்ணற்ற ஏழைக் குழந்தைகள் இவ்வாறு குருடாயினர். நமக்கு மேலே நீலகிரியில், குன்னூர் உணவாராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய அயக்ராய்டும், சென்னைக் கண் மருத்துவமனையின் ரைட்டும் சேர்ந்து, செம்பனை எண்ணெயால் இந்நோயைக் குணப்படுத்துவது பற்றி 1937-ஆம் ஆண்டில் எழுதினர். சிறு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ மருந்து வழங்கும் திட்டத்தை இந்திய அரசு 1970-இல் தொடங்கிற்று. உங்களுக்கு மருந்து வேண்டியதில்லை. கொல்லையில் நிற்கும் முருங்கையின் கீரை போதும். அரைக்கீரை, பப்பாளி, மாம்பழம், பால், முட்டை ஆகியவையும் நல்லன. கீரையைச் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தாற்றான் அதன் சத்து உடலிற் சேரும். களிக்குக் கீரைக் கடைசலை வைத்துத் தந்த நம் பாட்டிமார், பெயர் அறியாமலே வைட்டமினை அறிந்திருந்தனர். ஒன்றை மட்டும் தெளிவாக உணருங்கள்: கீரை மாலைக்கண்ணைத் தடுக்கும், நீண்டுவிட்ட கண்ணைக் குறுக்காது. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடியே வழி.

தூய்மையைப் பற்றியும் ஒரு சொல். 1918-இல் சென்னையில் இனங்காணப்பட்டமையால் ‘மெட்ராஸ் ஐ’ என்று பெயர் பெற்ற கண்ணோயை நீங்கள் அறிவீர்கள். நோயுற்றவரைப் பார்த்தாலே அது தொற்றும் என்பர். அது பிழை. கையாலும், துண்டாலும், தலையணையாலும் அது பரவுகிறது. சோப்பிட்டுக் கைகழுவுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள், ஒருவர் துண்டை மற்றவர் பயன்படுத்தாதீர்கள். கண் சிவந்தாலோ, தூசி விழுந்தாலோ தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு முதலியவற்றை விடுதல் ஆகாது. கருவிழியிற் புண் இருந்தால் அவை கிருமிகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கடைக்காரர் தரும் சொட்டு மருந்தையும் தாமே விடலாகாது. தூய நீராற் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்வதே முறை. வில்லும் அம்பும் செய்து விளையாடுவதாலும், வெடிக்காத பட்டாசைக் குனிந்து பார்ப்பதாலும் ஆண்டுதோறும் பிள்ளைகள் கண்ணிழக்கின்றனர். இவையெல்லாம் மருத்துவராலும் மீட்க இயலாத இழப்புகள்.

மருத்துவரிடம் செல்ல நமக்கு வழியில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. சென்னை எழும்பூரிலுள்ள அரசு கண் மருத்துவமனை 1819-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்று. மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி, 58-ஆம் வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் அவர் விரல்கள் இளமையிலேயே கோணிவிட்டன; அவ்விரல்களைப் பழக்கித்தான் அவர் கண்ணறுவை செய்தார். அம்மருத்துவமனையின் கிளை 1997-இல் கோவைக்கும் வந்தது. ஓய்வு பெறும் வயதில் ஒருவர் என்ன செய்தல் கூடும் என்பதனை, அதே வயதில் ஓய்வு பெற்ற நான் அவரை நினைக்குந்தோறும் எண்ணிப் பார்க்கிறேன். நாட்டில் பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டமும் அதே 1976-இற் பிறந்தது. அதன்கீழ்ப் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைச் சோதிக்க ஆசிரியர்களுக்கே பயிற்சி அளித்தனர். 2009-இல் தமிழக அரசு ‘கண்ணொளி காப்போம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாணவர்க்கு இலவசமாகக் கண்ணாடி வழங்கிற்று. ஆனால் எந்தத் திட்டமும், “எனக்குத் தெரியவில்லை” என்று வாய் திறந்து சொல்லும் மாணவனுக்கே விரைந்து பயன்படும்.

என் மாணவனின் கதையை முடித்துவிடுகிறேன். அவன் தந்தையார் இறுதியில் இசைந்தார். திருச்சி சாலையிற் பேருந்தேறி மூவரும் கோவைக்குச் சென்றோம். கண்ணாடி வந்த நாளில் அவன் பள்ளி வாயிலில் நின்று, எதிரேயிருந்த தறிக்கூடத்தை நெடுநேரம் பார்த்தான். “ஐயா, அந்த ஓட்டு மேலே புல் முளைச்சிருக்குதுங்க” என்றான். அந்தக் கூரையின்கீழ் அவன் பிறந்ததிலிருந்து நடமாடியிருக்கிறான். அன்றுதான் அதன் ஓட்டைக் கண்டான்.

அவன் வகுப்பில் முதல்வனாகிவிடவில்லை. இழந்த ஆண்டுகளின் பாடம் அவ்வளவு எளிதில் திரும்புவதன்று. எனினும் பத்தாம் வகுப்பைத் தேறினான். இன்று தறிப் பொறிகளைப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை நடத்துகிறான். தன் பிள்ளைகள் இருவரையும் ஆண்டுதோறும் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறான். என்னைக் கண்டால் இன்றும் வண்டியை நிறுத்தி வணங்குகிறான். அவ்வணக்கத்தை ஏற்கும்போதெல்லாம், அவனுக்கு முன் என் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து, மந்தபுத்தியுடையவர் என்று பெயர் வாங்கி, சொல்லாமற் கொள்ளாமல் நின்றுபோன பிள்ளைகளின் முகங்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. அவர்களுள் எத்தனை பேர்க்குக் குறை அறிவில் இருந்தது, எத்தனை பேர்க்குக் கண்ணில் இருந்தது என்பதை நான் இனி அறியப்போவதில்லை.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பிலும் கடைசி வரிசை ஒன்று உண்டு. அங்கே கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பக்கத்து ஏட்டை எட்டிப் பார்ப்பவர் ஒருவர் இருக்கலாம். அவரைப் பார்த்து நகையாதீர்கள். நாளைக் காலையில், “பலகை உனக்குத் தெரிகிறதா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் ஓராண்டுக் காலம் கேட்காமலிருந்த கேள்வி அது.